தோட்ட வேலைக்கு டீசல் வண்டியா, பெட்ரோல் வண்டியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் இதுவரை மூன்று லோடு வண்டிகள் ஓடியிருக்கின்றன. முதலில் ஒரு பழைய டீசல் குட்டியானை, அதாவது டாடா ஏஸ். அடுத்து, புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 டீசல் பிக்கப். இப்போது நிற்பது பெட்ரோல் வண்டி. அக்கம்பக்கத்தில் யாராவது வண்டி எடுக்கக் கிளம்பினால், தோட்டத்து வீடான சாளையின் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். டிராக்டரைப் பற்றிய பக்கம் அல்ல இது. தேங்காய், உரம், தீவனம், தண்ணீர்த் தொட்டி, பைப்பு, கம்பி என்று அன்றாடம் தோட்டத்துக்குள்ளும் டவுனுக்கும் அலையும் சிறிய சரக்கு வண்டிகளைப் பற்றியது.

தோட்டம் என்றாலே டீசல்தானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒரு காலத்தில் யோசிக்க ஒன்றும் இல்லைதான். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். பெட்ரோல் விலையை 2010 ஜூனிலேயே சந்தைக்கு விட்டுவிட்டார்கள். டீசல் 2014 அக்டோபர் வரை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் மிகப் பெரிது. எஞ்சினும் எளிமையானது. ஊர் மெக்கானிக் மரத்தடியில் வைத்தே பிரித்து மாட்டிவிடுவார்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தது. புகையைக் கட்டுப்படுத்த டீசல் வண்டிகளில் சென்சார், வடிகட்டி, கம்ப்யூட்டர் என்று பல சாமான்கள் சேர்ந்தன. விலையும் ஏறியது. தமிழ்நாட்டில் இன்று பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு எட்டொன்பது ரூபாய்தான் வித்தியாசம். கம்பெனிகளே சிறிய வண்டியில் டீசலைக் கைவிட்டு வருகின்றன. மாருதி சூப்பர் கேரி 2016-ல் 793 சி.சி. டீசலோடு வந்தது. இப்போது அது பெட்ரோலிலும் சி.என்.ஜி. என்ற கேஸிலும் மட்டும்தான். 2025 ஜூனில் வந்த டாடா ஏஸ் ப்ரோவில் பெட்ரோல், சி.என்.ஜி., மின்சாரம் மூன்றும் உண்டு, டீசல் இல்லை.

அப்பா காலத்துப் பேச்சு அந்தக் காலத்து வண்டிக்குச் சரி. இன்றைய வண்டிக்குக் கணக்கைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது?

மைலேஜைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் கேள்வி, ஒரு நாளில் உங்கள் எஞ்சின் எவ்வளவு நேரம் நிற்காமல், நன்றாகச் சூடேறி, பாரத்தோடு ஓடப்போகிறது என்பதுதான்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் காலையில் தோப்பில் காய் ஏற்றி 40 கிலோமீட்டர் தள்ளி மண்டியில் இறக்கிவிட்டு, வரும்போது தீவனமோ உரமோ ஏற்றி வருகிறார். இன்னொருவர் சாளையிலிருந்து கிணற்றுமேட்டுக்கு, அங்கிருந்து களத்துக்கு, அப்புறம் மாட்டுக்கொட்டகைக்கு என்று நாளுக்கு இருபது முறை ஸ்டார்ட் செய்து அணைக்கிறார். ஒவ்வொரு ஓட்டமும் அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர். இரண்டு பேர் வைத்திருப்பதும் தோட்ட வண்டிதான். ஆனால் முதலாமவருக்கு டீசல், இரண்டாமவருக்குப் பெட்ரோல். நான் இரண்டாமவனாக இருந்துகொண்டு முதலாமவருக்கான வண்டியை வாங்கினேன்.

வாங்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். எத்தனை முறை வண்டி கிளம்பியது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூரம், என்ன பாரம். இப்போது வாடகை வண்டி வைத்திருந்தாலும் எழுதலாம். நாம் மனதில் நினைத்திருப்பதற்கும் நோட்டில் வருவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

குறுகிய ஓட்டம் டீசலுக்கு ஏன் ஆகாது?

பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் கரித்துகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அடுப்புக் குழாயில் கரி அடைவது போல அது நிறைந்துகொண்டே வரும். குறிப்பிட்ட அளவு நிறைந்ததும் வண்டியே கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியை ஏறத்தாழ 600 டிகிரிக்குச் சூடாக்கி, கரியை எரித்துச் சாம்பலாக்கும். இந்த வேலை முடிய எஞ்சின் சூடாகி, 15, 20 நிமிடம் ஒரே சீராக ஓட வேண்டும். ரோட்டில் போகிறவருக்கு இது நடப்பதே தெரியாது.

தோப்புக்குள் ஓடும் வண்டிக்கு அந்த 20 நிமிடம் கிடைக்காது. எரிக்க ஆரம்பிக்கும், நாம் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி அணைப்போம். எங்கள் பிக்கப்பில் எட்டாவது மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது. கவனிக்காமல் விட்டேன். பிறகு இழுவை குறைந்தது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தது. அரைகுறையாக நின்றுபோன ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சின் ஆயிலில் இறங்கியிருக்கிறது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேய்ந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டி, வண்டியை நிற்கவைத்தே கரியை எரித்து, ஆயில் மாற்றி அனுப்பினார்கள். நான்கு மாதத்தில் அதே கதை. விற்றவர்களிடம் என் வேலை என்னவென்று விளக்கமாகச் சொல்லித்தான் வாங்கியிருந்தேன். இப்படி ஒன்று இருப்பதாக அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கும் அதுதான் காரணம்.

எல்லா டீசல் வண்டியிலும் ஒரே ஏற்பாடு கிடையாது. அதனால் வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். டி.பி.எஃப். இருக்கிறதா? நாமே பட்டனை அழுத்தி எரிக்க வழி இருக்கிறதா? அடைத்துக்கொண்டால் வாரன்டியில் சேருமா? ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், வாரம் ஒரு முறை பாரத்தோடு பெரிய ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். அதுவே பாதி நோயைத் தீர்த்துவிடும்.

இழுவை டீசலுக்குத்தான் அதிகம் என்கிறார்களே?

உண்மை. ஒரு உதாரணம் சொன்னால் நன்றாகப் புரியும். சூப்பர் கேரியின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 80 குதிரைசக்தி. பொலேரோ பிக்கப்பின் 2.5 லிட்டர் டீசலுக்கு 75 குதிரைசக்தி. குதிரைசக்தியை மட்டும் பார்த்தால் பெட்ரோல் ஒரு படி மேல். ஆனால் இழுவையைத் தரும் முறுக்கு விசை பெட்ரோலில் 104 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,900 சுற்று சுற்றும்போது. டீசலில் 200 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,400 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது.

மழை பெய்த மறுநாள் செம்மண் வண்டிப்பாதையில் முழுப் பாரத்தோடு ஒரு மேட்டில் நின்று கிளம்பிப் பாருங்கள். டீசல் வண்டி ஆக்சிலேட்டரை அதிகம் கேட்காமல் ஊர்ந்து ஏறும். பெட்ரோல் வண்டியில் சுற்றை ஏற்றி, கிளட்சைப் பாதியில் பிடித்துத்தான் கிளம்ப வேண்டும். அப்படிப் பிடித்தால் சக்கரம் சேற்றில் சுழலும், கிளட்ச் தட்டும் தேயும். தினமும் இப்படி வேலை இருந்தால் பெட்ரோல் சரிப்படாது. வருடத்தில் நாலு நாள்தான் என்றால், அந்த நாலு நாளும் பாதிப் பாரம் ஏற்றுங்கள்.

எங்கள் பாரம் எவ்வளவு என்றே தெரியவில்லை. எப்படிக் கணக்கிடுவது?

இதில்தான் பலரும் ஏமாறுகிறோம். மட்டையோடு ஒரு தேங்காயைச் சராசரியாக ஒன்றேகால் கிலோ என்று வைத்தால், 600 காய்க்கே 750 கிலோ. சிறிய குட்டியானை வகை வண்டிகளின் பாரத்திறன் அவ்வளவுதான். உரித்த காய் என்றால் அதே எடைக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றலாம். 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் அரை டன், மேலே ஆட்கள் வேறு. டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை, யூரியா 45 கிலோ மூட்டை, 20 மூட்டை ஏற்றினால் ஒரு டன்னைத் தொட்டுவிடும். ஒரு யூனிட் மணல் நாலரை டன் வரும். அதைச் சிறிய வண்டியில் நினைத்தே பார்க்க வேண்டாம்.

முக்கால் டன்னுக்குள் இருந்தால் பெட்ரோல் தாராளமாகப் போதும். அடிக்கடி ஒன்றேகால் டன், ஒன்றரை டன் என்றால் தோஸ்த், பொலேரோ பிக்கப் வரிசைக்குப் போக வேண்டும். அந்த அளவில் டீசல்தான் பொருத்தம்.

மைலேஜில் எவ்வளவு மிச்சமாகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் ஊர் விலையையும் வண்டியையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். டீசல் வண்டி 80,000 ரூபாய் கூடுதல் என்று வைப்போம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், 15 கிலோமீட்டர் தருகிறது. டீசல் லிட்டர் 92.50, 20 கிலோமீட்டர் தருகிறது. பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 6.73 ரூபாய், டீசலில் 4.63. மிச்சம் 2.10. கூடுதலாகக் கொடுத்த 80,000 ரூபாயை மீட்க ஏறத்தாழ 38,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

நாளுக்கு 25 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 7,500 கிலோமீட்டர்தான். முதல் ஐந்து ஆண்டு டீசலால் ஒரு பைசா லாபம் இல்லை. நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு ஆண்டு கொஞ்சத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் மிச்சம்.

பராமரிப்பை நான் இதில் சேர்க்கவில்லை. இன்றைய டீசலில் இன்ஜெக்டருக்குப் போகும் அழுத்தம் ஆயிரம் பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல். சாதாரண பெட்ரோல் எஞ்சினில் மூன்று நான்கு பார்தான். அழுத்தம் அவ்வளவு இருப்பதால் டீசலில் ஒரு துளி தண்ணீரோ தூசியோ போனாலும் செலவு பெரிது. ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதிலும், அடியில் சேரும் தண்ணீரை வடிப்பதிலும் சோம்பல் உள்ளவருக்கு டீசலைச் சொல்லவே மாட்டேன்.

டிராக்டருக்கும் மோட்டாருக்கும் ஏற்கெனவே டீசல் வாங்கி வைக்கிறோம். வண்டியும் டீசலாக இருந்தால் வசதிதானே?

மிகப் பெரிய வசதி, அதை ஒத்துக்கொள்கிறேன். பங்க் தூரமாக இருக்கும் தோட்டத்தில் இந்த ஒரு காரணத்துக்காகவே டீசல் எடுக்கலாம். சட்டமும் டீசலுக்குத்தான் இளகியிருக்கிறது. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைக்கலாம். டீசலை 2,500 லிட்டர் வரை வைக்கலாம், ஒரு கலனில் 1,000 லிட்டருக்கு மேல் போகக் கூடாது.

இந்த வித்தியாசம் சும்மா வந்ததில்லை. பெட்ரோல் குளிரிலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும். தேங்காய் மட்டையும் மஞ்சி நாரும் காய்ந்து கிடக்கும் களத்தின் பக்கத்தில் பெட்ரோல் கேன் வைக்கவே வைக்காதீர்கள். தயவுசெய்து குடிதண்ணீர் பாட்டிலிலும் வைக்காதீர்கள், தோட்டம் பிள்ளைகள் ஓடியாடும் இடம்.

இரண்டு எரிபொருளும் ஒரே ஷெட்டில் இருந்தால் கேன்களுக்கு வேறு வேறு நிறம் அடித்து வையுங்கள். டீசல் வண்டியில் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் டேங்கை வடிப்பதுதான் ஒரே வழி. ஓட்டிவிட்டால் பம்பு போய்விடும்.

சில டீசல் வண்டிக்கு யூரியா ஊற்ற வேண்டும் என்கிறார்களே, உர மூட்டையைக் கரைத்து ஊற்றலாமா?

கூடவே கூடாது. அது சுத்திகரித்த தண்ணீரில் 32.5 சதவீதம் தூய யூரியா கலந்த திரவம். நம் உர யூரியா 2015-லிருந்து வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் அழுக்கும் உள்ளே போனால் முழு அமைப்பையும் கழற்றிப் போட வேண்டியிருக்கும். டிபார்ட்மென்ட் ஸ்டோர் போல எல்லாம் கிடைக்கும் பங்குகளில் கேனாகவே விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

பெட்ரோல் வண்டிக்குக் குறையே இல்லையா?

இருக்கிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு எரிசக்தி குறைவு, அதனால் மைலேஜும் கொஞ்சம் குறையும். அதைவிட முக்கியம், எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் இரண்டு மாதம் வண்டியைப் பாதி டேங்கோடு நிறுத்தி வைத்தால், தண்ணீர் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கலாம். வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், உள்ளே ஈரக்காற்று இருக்க இடம் இருக்காது. மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயருக்கும் புல்வெட்டிக்கும் இதே எச்சரிக்கைதான். அவற்றில் மிச்சமிருந்தால் வடித்துவிட்டே வையுங்கள்.

கேஸ் வண்டி எப்படி?

சி.என்.ஜி.யில் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைவு. டவுனுக்குத் தினமும் போய் வருகிறவர், வழியிலேயே பங்க் இருக்கிறவர் தைரியமாக எடுக்கலாம். தோட்டத்தில் எனக்குத் தோன்றும் தடை இரண்டு. டீசல் போல இதை வாங்கி ஷெட்டில் வைக்க முடியாது. 200 பார் அழுத்தத்தில் பங்கில்தான் நிரப்ப வேண்டும். அடுத்தது, அதே எஞ்சின் பெட்ரோலில் தரும் சக்தி கேஸில் வராது, மேட்டில் அது தெரியும். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனைக்கு அனுப்புவதையும் மறக்கக் கூடாது.

வால்பாறை, நீலகிரிப் பக்கம் எஸ்டேட் வேலைக்கு?

உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஊட்டி உயரத்தில், அதாவது 2,240 மீட்டரில், ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். வால்பாறையில் இழப்பு அதில் பாதி. சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் டர்போ இல்லை. பிக்கப் டீசல்களில் இருக்கிறது, அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இழப்பு குறைவு. மலையில் ஓட்டமும் நீளம், ஏற்றமும் நீளம், எஞ்சின் சூடாகவே இருக்கும். ஆகவே மலைக்கு டீசல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இறக்கத்தில் எந்த வண்டியானாலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்.

மின்சார வண்டி?

தோட்டத்துக்குள் மட்டும் அலையும் வேலைக்கு மிகவும் பொருத்தமானது. ஊர்ந்து கிளம்பும்போதே முழு இழுவையும் கிடைக்கும், இருபது முறை அணைத்துப் போட்டாலும் அடைக்க ஒன்றுமில்லை. டாடா ஏஸ் இ.வி. 2022-ல் 600 கிலோ பாரத்திறனோடு வந்தது, 2024-ல் ஒரு டன் வண்டியும் வந்துவிட்டது. விலைதான் இன்னும் கையைக் கடிக்கிறது. சாளையில் மின்சாரம் நிலையாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

லைசென்ஸ், பெர்மிட் விஷயத்தில் எரிபொருளால் வித்தியாசம் உண்டா?

இல்லை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோ வரை இலகுரக வாகனத்துக்கான சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று மட்டும் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். வேலையாட்களைப் பின்னால் ஏற்றிப் போகாதீர்கள். விபத்தானால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது, போன உயிரும் திரும்ப வராது.

பி.எஸ்.6-க்கு முந்தைய பழைய டீசல் வண்டி வாங்கலாமா?

தோட்டத்துக்குள் மட்டும் ஓட்ட, பக்கத்தில் நல்ல மெக்கானிக் இருந்தால் வாங்கலாம். எங்கள் பழைய குட்டியானை டி.பி.எஃப். தொல்லை ஒன்றும் இல்லாமல் பல ஆண்டு உழைத்தது. பார்க்கப் போகும்போது விடியற்காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். சொல்லிவிட்டுப் போனால் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். பானெட்டில், சீட்டடியில், எஞ்சின் எங்கே இருக்கிறதோ அங்கே கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். அப்படியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஒரு தடவையில் பிடிக்கிறதா? கருப்புப் புகை என்றால் இன்ஜெக்டரோ ஏர் ஃபில்டரோ கோளாறு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்கவில்லை என்றால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். கடைசியாக எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை புகையாகத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த வேலைக்கு ஆகும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள், மறுத்தால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.